சிறுவர் நூல்களும் சாற்றுகவிகளும்

அண்மையில் வெளிவந்த சிறுவர் நூல்கள் ஆறு, சில வாரங்களாக என் மேசைமீது இருக்கின்றன. கதை நூல்கள் நான்கு. பாடல் நூல் ஒன்று. அறிவியல் செய்திகளைக் கதைபோலச் சொல்லும் நூல் ஒன்று. அட்டைகள் கண்ணைக் கவர்கின்றன. தாளும் அச்சும் நன்றாக உள்ளன. நாம் சிறுவராயிருந்த காலத்து மங்கிய தாளையும் தேய்ந்த அச்செழுத்தையும் எண்ணிப் பார்ப்போர், இவற்றைக் கண்டு மகிழாமல் இருக்க முடியாது. தமிழில் சிறுவர் நூல்கள் வெளிவருவது பெருகியிருக்கிறது என்பதில் ஐயமில்லை.

நூல்களைக் காட்டிலும் பெருகியிருப்பது அவற்றுக்கான பாராட்டு. அணிந்துரை, வாழ்த்துரை, பதிப்புரை, பின்னட்டைக் குறிப்பு என்று இந்த ஆறு நூல்களிலும் புகழுரைகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒரு நூலில், கதை ஒன்பதாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது. அதுவரை பெரியவர்கள் பெரியவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அவ்வுரைகள் அனைத்தையும் ஒருசேரப் படித்தேன். ஆசிரியரின் தொண்டுள்ளம் போற்றப்படுகிறது. கைப்பேசியில் மூழ்கிவிட்ட இளந்தலைமுறையை மீட்கவந்த முயற்சி என்று நூல் வரவேற்கப்படுகிறது. ஒவ்வொரு இல்லத்திலும் பள்ளியிலும் இருக்கவேண்டிய நூல் என்று பரிந்துரை முடிகிறது. ஒரு நூலின் வாழ்த்துரையை எடுத்து மற்றொரு நூலில் வைத்து, பெயரை மட்டும் மாற்றிவிட்டால், வேறுபாடு காண்பார் இரார். அப்பாராட்டுகளில் எழுத்தாளர் இருக்கிறார்; பாராட்டுகிறவர் இருக்கிறார்; தமிழ்த்தாயும் இருக்கிறாள். குழந்தை மட்டும் இல்லை. இந்நூலை இன்ன வயதுக் குழந்தைக்குப் படித்துக் காட்டினேன், இந்த இடத்தில் சிரித்தது, இந்த இடத்தில் எழுந்து போய்விட்டது என்று ஒருவரேனும் எழுதவில்லை.

நூல்களின் பெயரை இங்கே நான் குறிப்பிடப் போவதில்லை. என் வழக்கு நூல்களோடு அன்று, புகழுரைகளோடு. அவற்றை எழுதுவோர் வரிசையில் நானும் நின்றவன். அதனால் இக்கட்டுரையில் நானும் குற்றவாளிக் கூண்டில் இருக்கிறேன் என்பதை வாசக அன்பர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறேன்.

முற்காலத்தில் ஒரு புலவர் நூலொன்று இயற்றினால், அதனை அறிஞர் கூடிய அவையில் அரங்கேற்றுவது மரபு. அங்கே தடை எழுப்புவோர் இருந்தனர். சொல்லிலும் பொருளிலும் யாப்பிலும் ஐயம் வினவுவோர் இருந்தனர். அவர்களுக்கு விடை கூறித் தேறிய பின்னரே நூல் உலாவரும். அச்சு பரவிய 19ஆம் நூற்றாண்டில் வெளியான தமிழ் நூல்களைப் புரட்டினால், முகப்புப் பக்கங்களில் சாற்றுகவிகள் நிறைந்திருக்கக் காணலாம். இசுலாமியத் தமிழ் நூல்களும் அதற்கு விலக்கல்ல. அச்சாற்றுகவிகளில் மிகை உண்டு. நட்பின் முகமன் உண்டு. ஆயினும் அவை அரங்கேற்றம் என்னும் தேர்வின் நிழலில் வளர்ந்தவை. இன்று சாற்றுகவி உரைநடையாக மாறி நிலைத்திருக்கிறது. அரங்கேற்றம் மறைந்துவிட்டது. வெளியீட்டு விழா அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது. அங்கே தடை எழுப்புவதற்கு யாரும் அழைக்கப்படுவதில்லை.

பெரியவர்களுக்கான நூலென்றால், இந்தக் குறையை வாசகரே ஒருவாறு ஈடுசெய்துகொள்வர். பிடிக்காத நூலைப் பற்றி நண்பரிடம் சொல்வர். இதழுக்கு மடல் எழுதுவர். சிறுவர் நூலின் நிலை அன்னதன்று. வாங்குகிறவர் ஒருவர், படிக்கிறவர் வேறொருவர். படிக்கிறவருக்கு நூல் பிடிக்கவில்லையென்றால், அதை மூடிவைத்துவிட்டு விளையாடப் போய்விடுகிறார். அந்தத் தீர்ப்பு எங்கும் பதிவாவதில்லை. பதிவாவது நம்முடைய வாழ்த்துரை மட்டுமே.

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறேன். பள்ளியாசிரியர் ஒருவர், நல்ல உள்ளமும் உழைப்பும் உடையவர், தாம் எழுதிய சிறுவர் கதைகளின் கைப்படியைக் கொண்டுவந்து வாழ்த்துரை கேட்டார். பன்னிரண்டு கதைகள். மூன்றினைப் படித்தேன், மற்றவற்றைப் புரட்டினேன். விழா நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். விலங்குகளின் வாயிலாக அறம் புகட்டும் திறம் அரியது என்றும், கையில் எடுத்த சிறுவர் கீழே வைக்க மாட்டார் என்றும் அதில் எழுதினேன். விழா சிறப்பாக நடந்தது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

நூலை வீட்டுக்குக் கொண்டுவந்து பேரனிடம் கொடுத்தேன். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. நான்காம் கதை வரை படித்தான். பிறகு என்னிடம் வந்து, "நன்னா, இந்த நரி ஏன் இவ்வளவு பேசுது?" என்றான். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவன் நூலின் முன்பக்கத்தைத் திருப்பி, என் வாழ்த்துரையை எழுத்துக்கூட்டிப் படித்தான். படித்துவிட்டு, "நீங்க இதை முழுசாப் படிச்சீங்களா நன்னா?" என்று கேட்டான். குறும்பாகக் கேட்கவில்லை; அறிந்துகொள்ளவே கேட்டான். நான் விடை சொல்லவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவ்வாசிரியர் இரண்டாம் நூலின் கைப்படியோடு வந்தார். இம்முறை முழுவதும் படித்தேன். நரி இருந்த இடத்தில் முயல் இருந்தது. முன்னதைவிட நீளமாக அறிவுரை கூறிற்று. கதை நகர்ந்துகொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டுப் பாடம் சொல்லும் அந்தப் பழக்கத்தை எடுத்துக்காட்டினேன். அவர் திகைத்துப் போனார். பையிலிருந்து முதல் நூலை எடுத்து, என் வாழ்த்துரையில் தாம் கோடிட்டு வைத்திருந்த வரியைக் காட்டினார். "ஐயா, இதுதான் என் சிறப்பென்று தாங்கள் எழுதியிருக்கிறீர்களே! அதை நம்பித்தான் இந்த நூலில் அதையே வளர்த்திருக்கிறேன்" என்றார். அவர் சொன்னதில் எள்ளல் இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் செய்திருந்தார். ஒரு நேர்மையான மனிதரின் இரண்டாண்டு உழைப்பு, என் இரண்டு பக்கப் பொய்யால் தவறான வழியில் சென்றிருந்தது. அந்நூலுக்கு நான் வாழ்த்துரை எழுதவில்லை. வேறொருவர் எழுதிக் கொடுத்தார்.

"சிறுவர்க்கு எழுதுவோரே சிலர், அவர்களையும் குறை கூறித் தளரச் செய்யலாமா?" என்று கேட்பவர் உண்டு. நல்ல எண்ணத்தோடு கேட்கப்படும் கேள்வி இது. ஊக்கம் வேறு, புகழுரை வேறு என்பதே என் விடை. அழ. வள்ளியப்பா 1950இல் முன்னின்று குழந்தை எழுத்தாளர் சங்கத்தை அமைத்தார். தனித்தனியே எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஓரிடத்தில் கூடுவதற்கு அது வழிசெய்தது. அது ஊக்கம். பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. சிறுவர்க்கு எழுதுவது அறிஞரின் முழு உழைப்பையும் கோரும் பணி என்பதை அது நிலைநாட்டிற்று. அதுவும் ஊக்கமே. சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறுவர் இலக்கியத்துக்கெனத் தனிப் பரிசு வழங்கிவருகிறது. தமிழில் முதற்பரிசு ம. இலெ. தங்கப்பாவின் சோளக்கொல்லைப் பொம்மை என்னும் பாடல் நூலுக்குக் கிடைத்தது. சிறுவர் இலக்கியம் இனித் தாயில்லாப் பிள்ளை அன்று. தாயில்லாப் பிள்ளைக்குக் காட்டும் இரக்கத்தை அதற்கு நாம் காட்டிக்கொண்டிருப்பது, அதனை இன்னும் இலக்கியமாக மதிக்கவில்லை என்பதற்கே சான்று.

"குழந்தைக்குத் தீர்ப்புக் கூறத் தெரியுமா?" என்பது அடுத்த கேள்வி. லண்டன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின், சிறுவர் நூல்களின் கைப்படிகளைத் தம் மகன் ரேனரிடம் படிக்கக் கொடுத்து, கருத்துரை எழுதினால் ஒரு ஷில்லிங் தருவது வழக்கம். 1936இல் பத்து வயதுப் பையனான ரேனர், டோல்கீன் எழுதிய 'ஹாபிட்' என்னும் கதையைப் படித்துக் கருத்துரை எழுதினான். கதை நன்றாக இருக்கிறது, நிலப்படங்கள் இருப்பதால் ஓவியங்கள் தேவையில்லை, ஐந்து முதல் ஒன்பது வயது வரையுள்ளவர்க்குப் பிடிக்கும் என்பது அவன் கருத்தின் சாரம். 1937இல் நூல் வெளிவந்தது. உலகப் புகழ் பெற்றது. வயதைக் கணிப்பதில் பையன் சற்றுத் தவறியிருக்கலாம். ஆனால், யாருக்கு, எதனால் பிடிக்கும் என்று இரண்டையும் அவன் சொன்னான். நம் வாழ்த்துரைகள் பலவற்றில் இவ்விரண்டும் இல்லை.

பெரியவரின் அறிவு பிழைபடுவது பாராட்டில் மட்டுமன்று, மறுப்பிலும் உண்டு. மார்கரெட் வைஸ் பிரவுன் எழுதி 1947இல் வெளிவந்த 'குட்நைட் மூன்' என்னும் சிறு படநூலை, நியூயார்க் பொது நூலகம் 1972 வரை வாங்கவே இல்லை. சிறுவர் நூல்களில் பெரும் புலமையுடையோர் அமர்ந்திருந்த இடம் அது. உறங்கப்போகும் குழந்தை, அறையிலுள்ள பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் விடைகூறுவதில் என்ன இலக்கியம் இருக்கிறதென்று அவர்களுக்குப் புலப்படவில்லை. குழந்தைகளுக்குப் புலப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அந்நூல் படுக்கையறைகளில் படிக்கப்பட்டுவருகிறது.

இதனால், குழந்தைக்குப் பிடித்ததெல்லாம் நல்ல நூல் என்று நான் கூறுவதாகக் கொள்ளவேண்டாம். குழந்தைக்கு மிட்டாயும் பிடிக்கும். நூலில் உள்ள செய்தி சரியா, மொழி செம்மையானதா, ஏழையையோ கறுத்த நிறத்தவரையோ ஊனமுற்றவரையோ நகைப்புக்கு உரியவராக்குகிறதா என்றெல்லாம் ஆராயும் பொறுப்பு நம்முடையது. அதனைக் குழந்தையின் தலையில் சுமத்த இயலாது. ஆனால், நம் பொறுப்பை நாம் செய்வதற்கு முன்னர், அதன் சான்றை நாம் கேட்டாகவேண்டும். சாட்சியை விசாரிக்காமல் எழுதும் தீர்ப்பு தீர்ப்பாகாது.

ஆகவே, இந்த ஆறு நூல்களையும் ஏழு வயதுப் பேத்தியோடும் அவள் தோழியர் இருவரோடும் அமர்ந்து வாய்விட்டுப் படித்தேன். கண்டவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன். கதை நூல்களில் ஒன்று, வழி தவறிய அணிற்குஞ்சைப் பற்றியது. முதல் மூன்று பக்கங்களில் மூவரும் மூச்சுவிடாமல் கேட்டனர். நான்காம் பக்கத்தில் குஞ்சு ஒரு முதிய ஆமையைச் சந்திக்கிறது; ஆமை கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. ஒரு சிறுமி தன் பாவாடை நூலைப் பிரிக்க ஆரம்பித்தாள். "அம்மா அணில் கிடைச்சிருச்சா, இல்லையா?" என்று பேத்தி கேட்டாள். இந்நூலின் அணிந்துரை போற்றுவது அந்த ஆமையைத்தான்.

மற்ற மூன்று கதை நூல்களிலும் சிறுவர்களே பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் "வினவினான்", "இயம்பினாள்" என்ற சொற்களுக்கு இடையில் அகப்பட்டுக்கொண்டு, மேடைப் பேச்சாளரைப் போலப் பேசுகிறார்கள். பாடல் நூலில் இரண்டு பாடல்களை மூவரும் உடனே பாடத் தொடங்கினர். மற்றவற்றில் மூன்றாம் அடியிலேயே சந்தம் இடறியது. கைதட்டிப் பார்த்திருந்தால் ஆசிரியருக்கே தெரிந்திருக்கும். அறிவியல் நூலில், எறும்புப் புற்றின் உட்புறத்தைக் காட்டும் இருபக்க ஓவியத்தை விட்டு மூவரும் நகரவே இல்லை. ஒவ்வோர் அறையிலும் என்ன நடக்கிறதென்று விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டனர். இரண்டாம் முறையும் படிக்கச் சொன்ன நூல் அது ஒன்றே. அதன் வாழ்த்துரை அறிவியல் மனப்பான்மையின் இன்றியமையாமையை ஒன்றரைப் பக்கம் விளக்குகிறது. அந்த ஓவியத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஓவியரின் பெயர் நூலின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. பொய்ப் புகழ் தீய நூலைக் காப்பது மட்டுமன்று. நல்ல நூலின் நன்மையையும் மறைத்துவிடுகிறது.

நான்கு நூல்களில், எந்த வயதினர்க்கு உரியன என்ற குறிப்பே இல்லை. தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று நூல்களைப் படிநிலைப்படுத்திச் சிறுவர் கையில் கொடுத்தது. குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்டுவிட்டு நூலைக் கொடுக்கும் இம்முறையைப் பதிப்பாளரும் மதிப்புரையாளரும் பின்பற்றத் தடையென்ன?

வாழ்த்துரை எழுதுவோருக்கு நான் வைக்கும் வேண்டுகோள் எளியது. எழுதுமுன் மூன்று குழந்தைகளுக்கு அந்நூலைப் படித்துக் காட்டுங்கள். எங்கே சிரித்தார்கள், எங்கே எழுந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதனை ஆசிரியரிடம் அச்சுக்கு முன்னரே கூறுங்கள். அதற்கு நேரமில்லையென்றால், வாழ்த்துரைக்கும் நேரமில்லையென்று கூறிவிடுங்கள். சிறுவர் நூலின் அரங்கேற்ற அவை இதுவே. அவ்வவையைக் கூட்டப் பொன்னாடையும் வேண்டா, ஒலிபெருக்கியும் வேண்டா. ஒரு பாய் போதும்.

அந்தப் பள்ளியாசிரியருக்குச் சென்ற வாரம் மடல் எழுதினேன். அவருடைய முதல் நூலின் நான்காம் கதையில், என் பேரன் எந்த வரியில் நிறுத்தினான் என்பதையும், அதற்கு முன்னுள்ள மூன்று கதைகளில் அவன் எவற்றைத் தன் தோழர்களுக்குத் திரும்பச் சொன்னான் என்பதையும் குறித்திருக்கிறேன். இரண்டு பக்கம்தான் வந்தது. அன்று நான் எழுதியிருக்க வேண்டிய இரண்டு பக்கங்கள் அவை.