இரு கலங்களும் ஒரு கண்ணாடியும்

செய்தி என்பது உள்ளதை உள்ளவாறு காட்டும் கண்ணாடி என்பர். கண்ணாடிக்கோ தன்முன் நிற்பவன் செல்வனா வறியனா என்ற பேதம் இல்லை. தொலைக்காட்சிச் செய்திக்கு அப்பேதம் உண்டு என்பதை 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்து நிகழ்ச்சிகள் இரண்டைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அம்மாதம் 14ந் தேதி, லிபியாவின் தொப்ருக் துறையிலிருந்து இத்தாலி நோக்கிச் சென்ற மீன்பிடி படகொன்று கிரேக்க நாட்டருகே கவிழ்ந்தது. அதிலிருந்தோர் ஏறக்குறைய 750 பேர் என மதிப்பிடப்பட்டது. பிழைத்தோர் 104 பேரே. நான்கு நாள் கழித்து, டைட்டானிக் கப்பலின் சிதைவைக் காணச் சென்ற டைட்டன் என்னும் நீர்மூழ்கி ஐவருடன் மறைந்தது. தொலைக்காட்சிகள் எதன்பின் ஓடின? ஐவருக்கு இன்னும் எத்துணை மணி நேரத்திற்குப் பிராணவாயு உளதென்று ஓயாது கணக்கிட்டன. அவர்தம் பெயர், தொழில், குடும்பம் யாவும் அறிந்தோம். படகில் மாண்டோரோ வெறுந்தொகையாயினர்.

"படகு மூழ்கிவிட்டது, நீர்மூழ்கியின் கதியோ தெரியவில்லை. முடிவு தெரியாச் செய்தியையன்றோ ஜனங்கள் நாடுவர்?" என வாதிப்போர் உளர். இவ்வாதம் நில்லாது. 13ந் தேதி பகலிலேயே ஐரோப்பிய எல்லைக் காவல் விமானம் அப்படகைக் கண்டது. கிரேக்கக் கடற்காவலரும் அறிந்திருந்தனர். நள்ளிரவுக்குப் பின்னரே அது கவிழ்ந்தது. முடிவு தெரியாத பல மணி நேரம் அங்கும் இருந்ததன்றோ?

இஃது நிறபேதமே என்பாரும் உளர். அதுவும் உண்டு, முழுக் காரணம் அதுவன்று. நீர்மூழ்கியில் பாகிஸ்தானியச் செல்வக் குடும்பத்துத் தந்தையும் மகனும் இருந்தனர். படகில் மாண்டோருள்ளும் பாகிஸ்தானியர் மிகப் பலர். அந்நாடு ஜூன் 19ஐத் துக்க தினமாக அனுஷ்டித்தது. நாடு ஒன்றே, நீர்மூழ்கியில் ஓர் இடத்தின் கட்டணம் 2,50,000 டாலர் என்பதே வேற்றுமை.

நிற்க. நாம் தோட்டத்துக் கிராணி. பெரட்டில் பெயர் சொல்லி அழைத்தே ஆள் கணக்கெடுக்கின்றோம். "நூறு பேர்" என்றெழுதினால் செக்ரோல் ஆகாது. ஒருவர் வராவிடில் ஏன் வரவில்லை என வினவுதல் வேண்டும். செய்தியாளர்க்கும் இது கடமையன்றோ? இன்னார், இன்ன ஊரார், இன்ன காரணத்தால் புறப்பட்டார், பணம் பெற்றவர் யார், கண்டும் காவாதவர் யார் என அவர் கேட்டிருத்தல் வேண்டும். பின்னர்ச் சில பத்திரிகையாளர் பிழைத்தோரைத் தேடிச்சென்று விவரம் தொகுத்தனர். ஆதலின் இயலாத காரியமன்று.

பிறரைக் குறை கூறி நாம் தப்பவும் இயலாது. 2015 மே மாதம் அந்தமான் கடலில் ரோஹிங்கியா மக்களின் படகுகள் தத்தளித்தன. தாய்லாந்தும் இந்தோனேசியாவும் மலேசியாவும் முதலில் அவற்றைத் திருப்பி விட்டன. நம் வாயிற்படியில் நடந்த அதனை நம்மில் எத்தனை பேர் முழுதும் பார்த்தோம்? கப்பல் தட்டில் வந்திறங்கியோரின் பேரர் நாம். இனியேனும், எத்தனை பேர் என்று கேட்டதோடு பெட்டியை அணைத்துவிடாது, யார் யார் என்றும் கேட்போமாக.