உணர்ச்சியும் அறிவும்: 1931ஆம் ஆண்டுப் பகிஷ்காரத்தை முன்வைத்து

நமது மேடைகளிலே உணர்ச்சியையும் அறிவையும் எதிரெதிராக நிறுத்திப் பேசும் வழக்கம் வேரூன்றிவிட்டது. ஒரு சாரார் இளைஞரை நோக்கி உணர்ச்சிவசப்படலாகாது என்று உபதேசிக்கின்றனர். மற்றொரு சாரார் கணக்குப் பார்ப்பவன் கோழை என்று முழங்குகின்றனர். இவ்விரு கூற்றுக்களும் அரைகுறையானவை என்பதற்கு யாழ்ப்பாணத்தின் வரலாற்றிலேயே தக்க சான்று உண்டு. 1931ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்த நிகழ்ச்சியே அது.

1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பூண்ட இயக்கத்தை நமது வாசகர்கள் அறிவார்கள். ஹன்டி பேரின்பநாயகம் முதலிய ஆசிரியர்களும் மாணவர்களுமே அதன் உயிர்நாடி. பூரண சுதந்திரம், சாதி ஒழிப்பு, தாய்மொழிக் கல்வி, இன ஒற்றுமை ஆகியவற்றை அவ்வியக்கம் தன் இலட்சியங்களாகக் கொண்டது. 1927 நவம்பரிலே காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தவர்களும் அவர்களே. பாடசாலைகளிலே எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வேண்டும் என்று, ஊரின் பகையைத் தேடிக்கொண்டும் குரல் கொடுத்தவர்களும் அவர்களே.

1928இல் வெளிவந்த டொனமூர் அறிக்கை இரு முகங்களை உடையதாயிருந்தது. ஒரு புறம், ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைக்க அது வழிகோலியது. இன அடிப்படையிலான பிரதிநிதித்துவத்தை ஒழித்தது. மறுபுறம், தேசாதிபதியின் மேலதிகாரத்தைக் காத்து, நிதி, சட்டம் முதலிய முக்கிய பொறுப்புக்களை மூன்று ஏகாதிபத்திய உத்தியோகத்தரிடமே விட்டுவைத்தது. இந்தியாவிலே 1930இல் மூண்ட உப்புச் சத்தியாக்கிரகத்தின் வெப்பம் பாக்குநீரிணையைக் கடந்து வந்திருந்த காலம் அது. இது சுயராச்சியமன்று, ஆகவே வேண்டாம் என்று வாலிபர் காங்கிரஸ் தீர்மானித்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரேனும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. நான்கு ஆசனங்களும் வெறுமையாயின.

இத்தீர்மானத்துக்குப் பின்னிருந்த உணர்ச்சி உயர்ந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. அன்னியன் அளக்கும் சுதந்திரத்தைக் கைநீட்டி வாங்க மறுத்த தன்மானம் அது. அதே காலத்தில் நிதானத்தின் பெயரால் பேசியோர் யாவர்? சர்வசன வாக்குரிமையைக் கடுமையாக எதிர்த்தவர்களுள் சேர் பொன்னம்பலம் இராமநாதன் முதன்மையானவர். பாமரருக்கும் பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் வாக்குரிமை அளித்தல் ஆபத்து என்று உயர்குடியினர் வாதித்தபோது, அவ்வாதம் அறிவின் மொழியிலேயே பேசப்பட்டது. உணர்ச்சி வற்றிய அறிவு யாருக்கு ஊழியம் செய்யும் என்பதை இங்கே காணலாம். சகமனிதன்பால் பரிவற்ற தருக்கம், உடையவனின் கணக்குப் புத்தகமாகவே முடியும்.

ஆயின், உணர்ச்சி உயர்ந்தது என்பதனாலேயே தீர்மானமும் சரியானதாகிவிடுமா? அன்று கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்விகள் மூன்று.

முதலாவது, இதன் விலையைக் கொடுப்பவர் யார்? அதுவரை சொத்தும் வருமானமும் படிப்பும் உடைய சிலருக்கே வாக்கு இருந்தது. தோட்டத்திலே கூலிக்கு நீரிறைத்தவனும், நெற்குத்திப் பிழைத்தவளும் முதன்முறையாக வாக்காளராயினர். பகிஷ்காரம் அவர்களின் முதல் வாக்கையே செல்லாக்காசாக்கியது. எவருடைய சமத்துவத்துக்காக வாலிபர் காங்கிரஸ் போராடியதோ, அவர்களே அதிகம் இழந்தனர்.

இரண்டாவது, மறுநாள் செய்வது என்ன? ஆசனங்களை வெறுமையாக்கிய பின்பு, மக்களைக் கிராமந்தோறும் திரட்டும் வேலைத்திட்டம் வேண்டும். கல்லூரி வட்டத்தைக் கடந்து உழவரிடத்தும் தொழிலாளரிடத்தும் அவ்வியக்கம் ஆழமாக வேர்விட்டிருக்கவில்லை.

மூன்றாவது, நம்மோடு வருபவர் யார்? தெற்கிலிருந்து பாராட்டு வந்தது. பகிஷ்காரம் அங்கு பரவவில்லை. கைதட்டலைத் தோழமை என்று எண்ணுதல் உணர்ச்சி வேகத்திலே நேரும் பிழைகளுள் தலையாயது.

பகிஷ்காரம் என்ற ஆயுதம் எக்காலத்தும் தவறானது என்று நாம் கூறவில்லை. ருசியாவிலே 1905இல் போல்ஷிவிக்குகள் டூமாவைப் பகிஷ்கரித்தமை சரியே என்றும், 1906இல் அதனையே மீண்டும் செய்தமை பிழை என்றும் லெனின் 1920இல் எழுதினார். முதன்முறை புரட்சி அலை எழுந்துகொண்டிருந்தது. இரண்டாம் முறை அது தணிந்துகொண்டிருந்தது. இந்தியக் காங்கிரஸும் 1920இல் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. 1937இல் தேர்தலிலே போட்டியிட்டது. செயல் ஒன்றேயாயினும் காலமும் இடமும் வலிமையும் வேறாகும்போது அதன் பயனும் வேறாகின்றது. தெரிந்து செயல்வகைக்கென வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தமை இதனாற்போலும்.

1934இல் இடைத்தேர்தல்கள் நடந்தபோது வெற்றிடம் நிரப்பப்பட்டது. பருத்தித்துறையிலிருந்து ஜீ. ஜீ. பொன்னம்பலம் சபைக்குச் சென்றார். நாட்டின் விடுதலை என்ற பேச்சு பின்தள்ளப்பட்டு, இனங்களுக்கிடையே ஆசனங்களைப் பங்கிடும் பேச்சு முன்வந்தது. இலட்சியவாதிகள் விட்டுச்சென்ற களத்தை இனவாத அரசியல் கைப்பற்றியது.

எனினும், தமிழரின் பிற்கால இன்னல்கள் யாவும் 1931இலிருந்தே பிறந்தன என்று கூறும் விமரிசகர்களுடனும் நாம் உடன்படோம். 1936இல் தனிச் சிங்கள மந்திரிசபை அமைக்கப்பட்டபோது வடபகுதிப் பிரதிநிதிகள் சபையிலேதான் இருந்தனர். பலிகடா தேடுவதும் உணர்ச்சிவசப்படுதலின் ஒரு வகையே; அது வரலாற்று ஆராய்ச்சியின் உடையை அணிந்து வருகின்றது, அவ்வளவே.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் இம்மண்ணிலேயே உண்டு. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து தீண்டாமைக்கு எதிராக எழுந்த ஊர்வலத்தையும், அதன் பின்னர் நடந்த தேநீர்க்கடைப் பிரவேசங்களையும், 1968இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். தலைமுறை தலைமுறையாகச் சிரட்டையிலே தேநீர் குடிக்க வைக்கப்பட்டவனின் சினத்தைவிடக் கொடிய சினம் எது? அச்சினம் அங்கே அணைக்கப்படவில்லை, வழிப்படுத்தப்பட்டது. கண்ணுக்குத் தெரியும் இலக்குகள் தெரிந்தெடுக்கப்பட்டன. 1957ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டளவிலே தந்த உரிமை தெருவிலே கோரப்பட்டது. பிற சாதிகளைச் சேர்ந்த முற்போக்காளரும் அணியிலே சேர்க்கப்பட்டனர். உயிர்களும் பலியாயின; ஆயினும் பல கடைகளினதும் கோயில்களினதும் கதவுகள் திறந்தன. அக்காலக் கொந்தளிப்பை 1972இல் 'பஞ்சமர்' நாவலாக்கிய கே. டானியலின் எழுத்திலும் சினம் மிக்குண்டு. அச்சினத்துக்கு நிலவுடைமையின் அமைப்பைக் காணும் கண்ணும் உண்டு.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் கூற விரும்புவது இதுவே. அநீதியைக் கண்டு கொதியாத நெஞ்சம் சரியான கேள்வியை எழுப்பமாட்டாது. கொதிப்பு மாத்திரம் சரியான விடையைத் தரமாட்டாது. எந்தத் தீர்மானத்துக்கும் கை உயர்த்துமுன், விலை கொடுப்பவர் யார், மறுநாள் வேலை என்ன, உடன்வருபவர் யார் என்று கேட்கும் பழக்கம் வகுப்பறையிலேயே உருவாகவேண்டும். அவ்வாறு கேட்பவனைத் துரோகி என்று ஏசும் இயக்கம் தன் கண்களைத் தானே குத்திக்கொள்கின்றது. 1931ஆம் ஆண்டு இளைஞர்களின் தன்மானத்தை நாம் போற்றுவோம். அவர்கள் கேளாது விட்ட கேள்விகளைக் கேட்பதே அவர்களுக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை.