பக்கத்தில் இருந்தது மேலே ஏறும்

சென்னை அசோக் நகரில் அடுக்குமாடிக்குக் கடைக்கால் தோண்டும் இடத்தில் எட்டிப் பார்த்தால் களிமண் தெரியும். அடையாற்று வெள்ளம் விட்டுப்போன வண்டலும் அதில் உண்டு. அங்கிருந்து கிழக்கே மயிலாப்பூர் தாண்டிச் சாந்தோம் போனால் கடற்கரை மணல். அதற்கும் அப்பால், அலையின் வேகம் எட்டாத ஆழத்தில், மெல்லிய சேறு. ஒரே காலத்தில் மூன்று படிவுகள் அக்கம்பக்கமாகச் சேர்கின்றன.

கடல் மெல்ல உள்ளே வந்தால் அசோக் நகர்க் களிமண்ணின் மேல் கரை மணல் படியும். அதன் மேல் கடற்சேறு படியும். தரையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவை பாறையில் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும். ஜெர்மானியப் புவியியலாளர் யோஹான்னஸ் வால்தர் 1894இல் எழுதிய விதி இதுதான். நடுவே அரிப்பு நேர்ந்து அடுக்குகள் விடுபட்டிருந்தால் மட்டும் இது பொருந்தாது. படிவுப் பாறையை வாசிக்கும் கலையில் இதைவிட அழகான எண்ணத்தை நான் அறியேன்.

அந்த அழகை ரசிக்க அரியலூர்ப் பக்கம் போக வேண்டும். அங்குள்ள கிரிட்டேஷியஸ் காலப் பாறைகளைப் புவியியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு 1862இல் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். கல்லங்குறிச்சியில் சிமென்ட்டுக்காக வெட்டிய சுண்ணாம்புக்கல் சுரங்கச் சுவர்களில் தடித்த ஓட்டுச் சிப்பிகள் நெருக்கி நிற்கின்றன: ஆழமில்லாத கடல். அதற்கு மேலே வரும் கல்லமேட்டு அடுக்குகளில் ஆற்று மணலும் டைனோசர் எலும்புகளும்: கடல் விலகி நிலம் வந்துவிட்டது. அதற்கும் மேலே நின்னியூரில் மறுபடி கடல் சுண்ணாம்புக்கல். கடல் போனதையும் திரும்பியதையும் கீழிருந்து மேலாக அப்படியே படிக்கலாம்.

நல்ல வாசகர் நுணுக்கங்களில் நிற்பார். கூழாங்கல் என்றால் வேகமான நீர். மென்சேறு என்றால் அமைதியான நீர். மணற்கல்லுக்குள் சாய்ந்து ஓடும் மெல்லிய வரிகள், நீரோ காற்றோ எந்தத் திசையில் மணலைத் தள்ளியது என்று காட்டும். இரண்டு ஓடும் மூடியிருக்கும் சிப்பி அதிக தூரம் உருளாமல் புதைந்தது. உடைந்து தேய்ந்த ஓடுகளின் குவியல் அலை புரட்டிச் சேர்த்தது.

இந்தக் கலை ஒற்றைச் சாட்சியை நம்பாது. அதே அரியலூர்ப் பக்கத்தில், காரை என்னும் ஊரின் களிமண் மேடுகளில் ஜிப்சம் பளபளக்கிறது. கடல் வற்றி உப்பு படிந்தது என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் அந்த ஜிப்சம் விரிசல்களில் புகுந்து அடுக்குகளைக் குறுக்கே வெட்டிப் போகிறது. ஆகவே படிவுக்குப் பிறகு வந்தது. அதே பக்கத்துச் சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீளமான கல்மரம் கிடக்கிறது; புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அதைக் கண்டறிந்தார். மரத்தை மட்டும் பார்த்தால் அந்த இடம் காடு. அதைப் பொதிந்திருந்த பாறையோ கடற்படிவு. கரையில் வளர்ந்த மரம் நீரில் மிதந்து வந்து கடலடியில் புதைந்திருக்கிறது.

அரியலூர் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அழகான சிப்பியைக் கண்டதும் பெயர்த்து எடுக்காதீர்கள். எந்த அடுக்கில், எப்பக்கம் கவிழ்ந்து, எதன் மேல், எதன் கீழ் கிடந்தது என்பதில்தான் அதன் சாட்சியம் முழுதும் இருக்கிறது. பெயர்த்து எடுத்த சிப்பி வீட்டு அலமாரிக்கு அழகு சேர்க்கும். கடலைப் பற்றி மிகக் கொஞ்சமே சொல்லும்.