சமையற்காரர் சித்தம்

ஜப்பானியர் 'ஒமாகஸே' என்று ஒரு சாப்பாடு வைத்திருக்கிறார்கள். 'உங்களிடம் விட்டுவிட்டேன்' என்று பொருள். பட்டியல் கிடையாது. அந்தப் பருவத்து மீன்களைச் சமையற்காரர் தம் இஷ்டப்படி ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுப்பார்.

2010-ல் ஒரகடத்தில் நிஸ்ஸான்-ரெனோ கார் ஆலை திறந்தது. முன்னும் பின்னுமாக வேறு கம்பெனிகளும் வந்தன. ஜப்பானிய என்ஜினீயர்களுக்காக அந்தப் பக்கத்தில் ஜப்பானியச் சாப்பாட்டுக் கடைகளும் முளைத்தன. வல்லக்கோட்டை முருகனைத் தரிசித்துவிட்டு அப்படி ஒன்றில் போய் உட்கார்ந்தேன். கோயிலுக்குப் போய்விட்டு மீனா என்று என் மனைவி கேட்டாள். மீனைத் தின்றுவிட்டுக் கோயிலுக்குப் போவதைவிட இது மேல் இல்லையா?

சோற்றில் குறை சொல்ல முடியாது. வினிகரும் உப்பும் சர்க்கரையும் அளவாகச் சேர்ந்து, கையில் உதிராமல், வாயில் உதிர்ந்தது. சோற்று விஷயத்தில் தமிழனை ஏமாற்ற முடியாது, அதனால் தைரியமாகவே சொல்கிறேன். வரிசையும் நல்ல கதாசிரியன் அமைத்தது போல இருந்தது: முதலில் மெல்லிய வெள்ளை மீன், பிறகு சிவந்த சூரை, அப்புறம் கொழுப்பேறிய சூரை வயிறு, முடிவில் தித்திப்பான முட்டை.

என் சண்டையெல்லாம் பருவத்தோடுதான். நான் போனது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. தட்டிலோ ஜப்பானிலிருந்து உறைந்து வந்த மீன். யாருடைய பருவம் இது?

கையால் பிடிக்கும் ஸுஷி 1820-களில் எடோ நகரத்தில், இன்றைய டோக்கியோவில், பரவியது. ஹனயா யோஹெய் என்பவர் பெயரைச் சொல்வார்கள். அதற்கு 'எடோமாயே' என்றே பெயர். எடோவுக்கு எதிரே உள்ள கடல் என்று அர்த்தம். ஐஸ் இல்லாத காலம். எதிர்க் கடலில் அகப்பட்டதை உப்பிலும் வினிகரிலும் ஊறவைத்தார்கள், சிலதை வேகவைத்தார்கள். அவர்கள் கொண்டாடிய 'கிஸு' மீன் வேறு யாருமல்ல, நம் கிழங்கானின் சொந்தத் தங்கை! கிழங்கான் கரையோரத்து மீன். கட்டுமரக்காரனுக்குத் தடையும் இல்லை.

சமையற்காரரிடம் இதைச் சொன்னேன். டார்ஜிலிங் பக்கத்துப் பையன், கை சுத்தம். "ஊர் மீன் என்றால் வருகிறவர்கள் பயப்படுவார்கள், ஸார்" என்றான். பச்சையாகத் தருவதற்கு அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் உப்பும் வினிகரும் எதற்காக இருக்கின்றன? அவனிடம் விட்டுவிட்டேன் என்று நான் நம்பி உட்கார்ந்திருக்க, அவனோ பெட்டியில் வந்ததைத்தான் எடுத்துக் கொடுக்கிறான். அவனிடம் யாரும் எதையும் விடவே இல்லை.

"உங்களுக்கு மட்டும் செய்யலாம், முதல் நாளே போன் பண்ணுங்கள்" என்றான் குரலைத் தாழ்த்தி. நம்பரை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.