இருத்தலும் இடம்பெயர்தலும்: என்.டி.எம்.-1 ஆய்வுக்கட்டுரை ஒரு திறனாய்வு (உத்திரமேரூர் ஏரிச்சூழலை முன்வைத்து)

முன்னுரை

2010ஆம் ஆண்டு லான்செட் இன்ஃபெக்சியஸ் டிசீசஸ் இதழில் கார்த்திகேயன் குமாரசாமி முதலியோர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. கார்பபெனெம் மருந்துகளைச் சிதைக்கும் என்.டி.எம்.-1 நொதியை உடைய பாக்டீரியாக்கள் இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் ஆகிய நாடுகளில் காணப்படுவதை அது எடுத்துரைத்தது. நொதிக்குப் புதுதில்லியின் பெயர் இடப்பட்டமையே பெரும் விவாதப்பொருளாயிற்று. கட்டுரை சுட்டிய அடிப்படை வேறுபாடொன்று அதனால் பின்தள்ளப்பட்டது. அவ்வேறுபாட்டின் வழி அக்கட்டுரையை மதிப்பிடுவதே இத்திறனாய்வின் நோக்கமாகும்.

சென்னையும் அரியானாவும்

சென்னையில் 44, அரியானாவில் 26, பிரிட்டனில் 37 என நுண்ணுயிர் மாதிரிகள் கண்டறியப்பட்டன. பெரும்பாலானவற்றில் என்.டி.எம்.-1 மரபணு பிளாஸ்மிட்டில் அமைந்திருந்தது. சென்னை, பிரிட்டன் மாதிரிகளின் பிளாஸ்மிட்டுகள் வேறு பாக்டீரியாக்களுக்கு எளிதில் இடம்பெயர்ந்தன. அரியானா மாதிரிகளினுடையவை இடம்பெயரவில்லை. அரியானா மாதிரிகள் ஒரே கால்வழியின. சென்னையினவோ பல்வேறு கால்வழியின. மரபணு ஒன்றே ஆயினும், ஓரிடத்தில் அது தலைமுறை வழியாகவும் மற்றோரிடத்தில் இணைவு வழியாகவும் பெருகியிருத்தல் கூடும் என்பது இதனால் பெறப்படும். ஒருங்கிணைந்த பன்னாட்டுக் கண்காணிப்பைக் கட்டுரை வலியுறுத்துகிறது. எதனைக் கண்காணிப்பது என்னும் வினாவிற்கு இவ்வேறுபாடே விடை தருவதாயினும், அது போதிய அழுத்தம் பெறவில்லை.

சிறு ஆர்.என்.ஏ.வின் பணி

இடம்பெயராமைக்கு இரு காரணங்கள் இருத்தல் கூடும். ஒன்று, இடம்பெயர்வுக்குரிய மரபணுக்கள் இன்மை. மற்றொன்று, அவை இருந்தும் அடக்கப்பட்டிருத்தல். பின்னதற்கு எஃப் வகைப் பிளாஸ்மிட்டுகள் தக்க சான்றாகும். ஏறத்தாழ 79 நியூக்ளியோடைடு நீளமுள்ள ஃபின்பி என்னும் சிறு ஆர்.என்.ஏ., ட்ராஜே தூது ஆர்.என்.ஏ.வுடன் இணைந்து அதன் புரத ஆக்கத்தைத் தடுக்கிறது. அதனால் இடம்பெயர்வு ஒடுங்குகிறது. ஃபின்பி சிதையாமல் காப்பது ஃபின்ஓ புரதம். ஆர்100 பிளாஸ்மிட்டில் ஃபின்ஓ மரபணு முழுமையாக உள்ளது. எஃப் பிளாஸ்மிட்டில் அம்மரபணு ஐ.எஸ்.3 என்னும் செருகலால் சிதைவுற்றதால், அப்பிளாஸ்மிட் தடையின்றி இடம்பெயர்கிறது. ஓம்புயிரும் இவ்வாறு தடுப்பதுண்டு. சால்மொனெல்லாவின் ஆர்.பி.ஆர்.ஏ. என்னும் சிறு ஆர்.என்.ஏ., ரிக்ஐ புரதத்தின் ஆக்கத்தைத் தூண்டிப் பிளாஸ்மிட் இடம்பெயர்வைக் குறைப்பதை 2015ஆம் ஆண்டு ஆய்வு நிறுவியது.

அரியானா மாதிரிகளின் நிலைக்கு ஃபின்பியே காரணம் எனக் கொள்ளுதல் பொருந்தாது, என்.டி.எம்.-1 மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட்டுகள் பல வகையின. எனினும், இயலாமையும் அடக்கமும் வேறுபட்டவை. அடக்கப்பட்ட பிளாஸ்மிட் தடை நீங்கின் மீண்டும் இடம்பெயரும்.

ஏரியும் மதகும்

இவ்வேறுபாட்டை விளக்க உத்திரமேரூர் ஏரிச்சூழல் துணைசெய்யும். கி.பி. 921ஆம் ஆண்டின் முதலாம் பராந்தகன் கல்வெட்டு, ஏரி வாரியத்திற்கு அறுவரைக் குடவோலையால் தேரும் முறையைக் கூறுகிறது. ஏரியின் நீரளவை மட்டும் கொண்டு கடைமடைக்கு நீர் சேரும் எனத் துணிதல் இயலாது. மதகின் நிலையும் அறியப்படல் வேண்டும். மரபணுவின் இருப்பு நீரளவை ஒத்தது. இடம்பெயர்வின் ஒழுங்காற்றல் மதகை ஒத்தது.

இவ்வொப்புமை உவமை அளவில் நிற்பதன்று. புதுதில்லி நீர்மாதிரிகளை ஆராய்ந்த 2011ஆம் ஆண்டுக் கட்டுரை, என்.டி.எம்.-1 பிளாஸ்மிட்டுகள் 25, 37 பாகை செல்சியசைக் காட்டிலும் 30 பாகையில் மிகுதியாக இடம்பெயர்ந்ததைக் காட்டியது. தமிழகத்து ஏரிநீர் அவ்வெப்பநிலையை அடைதல் இயல்பே. 37 பாகையில் மட்டும் நிகழ்த்தப்படும் ஆய்வகச் சோதனை, ஏரியில் நிகழக்கூடியதைக் குறைத்து மதிப்பிட வழியுண்டு.

முடிவுரை

2010ஆம் ஆண்டுக் கட்டுரையின் நிலைத்த பயன் பெயரிலோ எண்ணிக்கையிலோ இல்லை. இருத்தலையும் இடம்பெயர்தலையும் தனித்தனியே சோதித்ததில் உள்ளது. மரபணு உண்டா என்பதோடு நிற்கும் கண்காணிப்பு, ஒரே விடை பெறும் இரு ஊர்களின் இடர்ப்பாடும் ஒன்றே எனக் காட்டிவிடும். உத்திரமேரூர் போன்ற ஏரிப்பாசன ஊர்களில் அமையும் ஆய்வுகள், சூழலின் வெப்பநிலையில் இணைவுச் சோதனையையும், பிளாஸ்மிட்டின் ஒழுங்காற்று மரபணுக்கள் பழுதின்றி உள்ளனவா என்னும் பகுப்பையும் உடன்கொள்ளல் வேண்டும். அவ்வாறு கொள்ளுமிடத்தே கண்காணிப்பு முன்னெச்சரிக்கையாக அமையும்.