அபராதப் பட்டியலும் தாந்தேயும்

நமக்குத் தெரிந்த அன்னி பெசன்ட் அடையாறுக்காரர். 1907லிருந்து பிரம்மஞான சபையின் தலைவர். 1916ல் ஹோம் ரூல் இயக்கம் தொடங்கியவர். அதற்கு வெகு முன்பு, லண்டனில் சோஷலிஸ்டாக இருந்தபோது அவர் எழுதிய ஒரு சிறு கட்டுரையை ஓர் இலக்கியப் பிரச்னைக்காக எடுத்துக் கொள்கிறேன். ‘தி லிங்க்’ என்ற அரைப் பென்னி வார இதழில் 1888 ஜூன் 23ல் வெளியான ‘லண்டனில் வெள்ளை அடிமைத்தனம்’. பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றியது. அவலத்தை எழுதும்போது மொழி என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பிரச்னை.

கட்டுரையின் பலம் அதன் எண்களில் இருக்கிறது. கம்பெனி முந்திய வருஷம் கொடுத்த லாப ஈவு 23 சதவீதம். 5 பவுன் பங்கு ஒரு சமயம் 18 பவுன் 7 ஷில்லிங் 6 பென்ஸுக்கு விலை போயிருக்கிறது. 16 வயதுப் பெண்ணின் வாரக் கூலி 4 ஷில்லிங். அவளும் அக்காவும் இருக்கும் ஒற்றை அறைக்கு வாரம் 2 ஷில்லிங் வாடகை. பிறகு அபராதங்கள். கால் அழுக்காக இருந்தால் 3 பென்ஸ். வேலையில் தானே பற்றிக்கொண்ட குச்சியை மேஜைமேல் வைத்துவிட்டால் ஒரு ஷில்லிங். நாள் முழுக்க எண்களோடு மல்லுக்கட்டும் வங்கிக் குமாஸ்தாவான எனக்கு இது உடனே உறைக்கிறது: ஒரு குச்சிக்குக் கால் வாரக் கூலி.

விரல் வெட்டுப்படாமல் காத்துக்கொள்ளப் போய் இயந்திரத்தில் சிக்கல் ஏற்படுத்திய ஒருத்திக்கு ஒரு ஷில்லிங் அபராதம். விரல் போனால் போகட்டும், இயந்திரத்தைப் பார் என்று அதட்டல். சொன்னபடி கேட்ட இன்னொருத்திக்கு விரல் போயிற்று. முடியாமல் கிடந்த நாட்களில் உதவியும் இல்லை. இரண்டு தகவல்கள், அடுத்தடுத்து. நடுவில் பெசன்ட் எதுவும் சொல்வதில்லை. அந்த மௌனம்தான் எழுத்து.

ஆனால் கடைசியில் அவருக்குத் தன் எண்கள் மீதே நம்பிக்கை போய்விடுகிறது. இந்தப் பெண்களின் பட்டினியில் பணம் பண்ணுகிறவர்களுக்கென்று நரகத்தில் தனி வட்டம் அமைக்க ஜனங்களின் தாந்தே ஒருவன் இல்லையே என்று ஏங்குகிறார். கவி இல்லாத குறைக்கு அவர்கள் மனசாட்சியை, அதாவது பையை, தொடுவோம். அந்தத் தீப்பெட்டியை வாங்காதிருப்போம் என்கிறார். தார்மீகக் கோபம் உண்மையானதுதான். ஆனால் நரகம் வந்ததும் தொழிற்சாலை மங்கிவிடுகிறது. எந்த நரகத்திலும் 3 பென்ஸ் அபராதம் கிடையாது. சமூகப் பார்வை என்ற பெயரில் உரிச்சொற்களைக் குவிக்கிறவர்களும், எண்ணும் தகவலும் கலைக்கு அந்நியம் என்று ஒதுக்குகிறவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். இருவருமே ஸ்தூலமானதை நம்புவதில்லை.

பெசன்ட் தேடிய கவிதை அவர் கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது. அந்த 16 வயதுப் பெண்ணுக்குக் காலையிலும் மதியமும் ரொட்டி, வெண்ணெய், தேநீர். மாதம் ஒரு தரம் வேறோர் இடத்தில் காப்பி, ரொட்டி, வெண்ணெய், ஜாம், மார்மலேட் எல்லாம் நிறையக் கிடைக்கும் என்று கண்கள் மின்னச் சொல்கிறாள். கட்டுரையில் சந்தோஷம் தென்படும் ஒரே இடம் இது. பரிதாபத்தால் இதை எழுதிவிட முடியாது. பக்கத்தில் நின்று கேட்டிருக்க வேண்டும்.

யாருக்காக எழுதுகிறாய் என்ற பழைய கேள்விக்கும் இங்கே ஒரு பதில் உண்டு. பெசன்ட் எழுதியது தீப்பெட்டி வாங்குகிறவர்களுக்கும் பங்குதாரர்களுக்கும். அதைத் தங்கள் காரியமாக எடுத்துக்கொண்டவர்கள் அந்தப் பெண்கள். கட்டுரை பொய் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட மறுத்தார்கள். ஜூலை முதல் வாரத்தில் சுமார் 1,400 பேர் வெளியேறினார்கள். பெசன்ட் கேட்டது பகிஷ்காரம், வேலைநிறுத்தம் அவர்களுடையது. அவரைத் தலைவியாக்கிய சரித்திரத்தை லூயிஸ் ரா தம் 2009ம் வருஷத்து நூலில் மறுத்து, அந்தப் பெண்களை முன்னால் நிறுத்துகிறார். எழுத்தாளன் வாசகனைத் தேர்ந்தெடுப்பதில்லை. கணக்குச் சரியாக இருந்தால் உரியவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

ஜூலை மத்தியில் அவர்கள் ஜெயித்தார்கள். அபராதங்கள் போயின. சாப்பாட்டில் பாஸ்பரஸ் படாதிருக்கத் தனி அறை ஒப்புக்கொள்ளப்பட்டது. சங்கமும் அமைந்தது. ஆனால் தாடையெலும்பை அரித்துத் தின்னும் வெள்ளைப் பாஸ்பரஸ் தொடர்ந்தது. அதைத் தடுக்கும் சட்டம் 1908ல் நிறைவேறி 1910ல்தான் அமலுக்கு வந்தது. இடையில், 1898ல், 17 பேருக்கு வந்த அந்த நோயைத் தெரிவிக்காமல் மறைத்ததற்காகக் கம்பெனிக்கே அபராதம் விழுந்தது. அவர்களில் 6 பேர் இறந்திருந்தார்கள். தொகை 25 பவுன் சில்லறை. பவுனுக்கு 20 ஷில்லிங். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 30 ஷில்லிங்கூட வரவில்லை.