திருச்சி வழி ரயில் பெட்டிகளின் வடிவமைப்பு மாற்றங்கள்: ஒரு மதிப்பீடு

திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் வழியாகச் சென்னைக்குச் செல்லும் ரயில்களின் பெட்டிகள் கடந்த அரை நூற்றாண்டில் மூன்று தலைமுறைகளைக் கண்டுள்ளன. அவை மீட்டர் கேஜ் பெட்டிகள், அகலப்பாதையின் ஐ.சி.எஃப். பெட்டிகள், இன்றைய எல்.எச்.பி. பெட்டிகள். வேகம், பாதுகாப்பு, கொள்ளளவு ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிட மேம்பட்டது. ஆனால் பயணி பெட்டிக்குள் ஏறும் வாசலும் படியும் அந்த அளவுக்கு மாறவில்லை. முதியோர் பெருமளவில் வந்து செல்லும் ஸ்ரீரங்கம் போன்ற நிலையத்தில் இது சிறு குறையன்று. இக்குறையைப் புரிந்துகொள்ள, அதே காலகட்டத்தைச் சேர்ந்த பிரித்தானிய அதிவேக டீசல் ரயிலின் வரலாறு உதவுகிறது.

பின்னணி

சென்னை - மதுரை வைகை விரைவு ரயில் 1977 ஆகஸ்ட் 15 அன்று மீட்டர் கேஜ் பாதையில் தொடங்கப்பட்டது. அப்போது விழுப்புரம் வரைதான் மின்பாதை இருந்தது. அதற்குத் தெற்கே விருத்தாசலம், அரியலூர், ஸ்ரீரங்கம், திருச்சி வழியே செல்லும் குறுக்குப் பாதையில் மின்கம்பி இல்லை. பகல் நேர வைகையும், திருச்சிக்கும் சென்னை எழும்பூருக்கும் இடையே இரவில் ஓடும் மலைக்கோட்டை விரைவு ரயிலும் இவ்வழித்தடத்தின் அடையாளங்களாயின. 1990களின் இறுதியில் பாதை அகலப்பட்டது. பின்னர் மின்மயமும் ஆனது.

இவ்வழித்தடத்திலேயே பொன்மலைப் பணிமனை உள்ளது. தென்னிந்திய ரயில்வேயின் நாகப்பட்டினம் பணிமனை 1920களின் இறுதியில் இங்கு மாற்றப்பட்டது. டீசல் இன்ஜின்களைப் பழுதுபார்த்தல், பெட்டிகளைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் பிரித்துச் சீரமைத்தல், சரக்கு வேகன்கள் செய்தல் ஆகியவை இதன் பணிகள். நீலகிரி மலை ரயிலுக்கான நீராவி இன்ஜின்களைப் புதிதாகவே செய்து கொடுத்த பணிமனையும் இதுவே.

பிரித்தானிய ஒப்பீடு

வைகை தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1976 அக்டோபரில், பிரித்தானியாவில் இன்டர்சிட்டி 125 என்னும் டீசல் ரயில் பயணிகள் சேவைக்கு வந்தது. இரு முனைகளிலும் 2,250 குதிரைத்திறன் கொண்ட ஓர் இயந்திரப் பெட்டியும், நடுவில் ஏழு அல்லது எட்டுப் பயணிகள் பெட்டிகளும் கொண்ட தொகுப்பு அது. மணிக்கு 125 மைல், அதாவது சுமார் 200 கி.மீ. வேகத்தில் ஓடியது. புதிய பாதை எதுவும் போடாமல், இருந்த பாதையிலேயே இந்த வேகம் எட்டப்பட்டது.

இதன் பெட்டிகள் மார்க் 3 எனப்பட்டன. சுமார் 23 மீட்டர் நீளமுள்ள ஒரே உலோகக் கூட்டிலிருந்து பல வகைகள் செய்யப்பட்டன. அதிவேகத் தொகுப்புக்கான பெட்டிகளில் பக்கவாட்டு பஃபர்கள் இல்லை. விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் தேவையான மும்முனை மின்சாரம் இயந்திரப் பெட்டியிலிருந்தே வந்தது. சாதாரண இன்ஜின் இழுக்கும் மார்க் 3 பெட்டிகளுக்குப் பஃபரும் உண்டு, தனி மின் மாற்றுக் கருவியும் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இவ்விரு வகைகளையும் அப்படியே கலந்து ஓட்ட முடியாது.

ஒரே கூட்டைப் பயன்படுத்தியதில் ஒரு விலையும் இருந்தது. பக்கத்துக்கு எட்டுப் பெரிய சன்னல்கள் முதல் வகுப்பின் இருக்கை வரிசைக்கு ஏற்ப அமைக்கப்பட்டன. முதல் வகுப்பில் 48 இருக்கைகள் என்பதால் எதிரெதிரே அமைந்த ஒவ்வொரு சன்னல் இணைக்கும் ஆறு பேர் என்று கணக்கு பொருந்தியது. அதே கூட்டில் இரண்டாம் வகுப்புக்கு 72 இருக்கைகள் போட்டபோது வரிசை பிசகியது. பணம் கூடுதலாகக் கொடுத்தவருக்குச் சன்னலும், மற்றவர் சிலருக்குச் சன்னல்களுக்கு இடையிலான சுவரும் கிடைத்தன. பெட்டியின் வடிவமே யாரை மனத்தில் வைத்து அது வரையப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறது.

ஐ.சி.எஃப். முதல் எல்.எச்.பி. வரை

சென்னை பெரம்பூரின் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை 1955 அக்டோபர் 2 அன்று சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்துடன் தொடங்கப்பட்டது. அதன் பெயராலேயே வழங்கும் ஐ.சி.எஃப். பெட்டி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்திய ரயில்வேயின் பொதுவடிவமாக இருந்தது. 2018 ஜனவரியில் அவ்வகைப் பெட்டியின் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. அதன் இடத்தை ஜெர்மனியின் லிங்கே ஹோஃப்மன் புஷ் நிறுவனத்தின் வடிவமைப்பான எல்.எச்.பி. பெட்டி பிடித்தது.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளில் முதன்மையானது இணைப்பு முறை. ஐ.சி.எஃப். பெட்டிகள் திருகு இணைப்பாலும் பக்கவாட்டு பஃபர்களாலும் இணைக்கப்பட்டன. தடம் புரளும்போது ஒரு பெட்டி மற்றொன்றின் மேல் ஏறி நசுக்கும் ஆபத்து இதில் அதிகம். எல்.எச்.பி. பெட்டியின் நடு இணைப்பு, பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதைத் தடுக்கும் வகையில் அமைந்தது. சக்கரத்தின் ஓடுபரப்பில் கட்டை அழுத்தும் பிரேக்குக்குப் பதிலாக அச்சில் பொருத்திய வட்டத்தகட்டு பிரேக் வந்தது. உடல் துருப்பிடிக்காத எஃகால் ஆனது. வடிவமைப்பு வேகம் மணிக்கு 160 கி.மீ. ஆனது. இம்மாற்றங்கள் உயிர் காப்பவை. இவற்றின் மதிப்பைக் குறைத்துச் சொல்ல இடமில்லை.

இழப்பும் உண்டு. திருகு இணைப்பில் பெட்டிகள் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். நடு இணைப்பில் இருந்த சிறு தளர்வு, வண்டி புறப்படும்போதும் நிற்கும்போதும் குலுக்கலாகப் பயணியை வந்தடைந்தது. மேல் படுக்கையில் உறங்குபவர் விழித்துக்கொள்ளும் அளவுக்கு இது பல ஆண்டுகள் புகாராகத் தொடர்ந்தது. இணைப்புக் கருவிகளை மாற்றி இதைக் குறைக்க வேண்டியிருந்தது. பெட்டிகளை நிலையாகப் பிணைத்து, இரு முனைகளிலும் இன்ஜின் வைத்து, 2023 இறுதியில் அறிமுகமான அம்ரித் பாரத் ரயில் இக்குறையை அடிப்படையிலேயே தீர்க்க முயல்கிறது. டீசலுக்குப் பதில் மின்சாரம் என்பதைத் தவிர, இன்டர்சிட்டி 125 கையாண்ட ஏற்பாட்டுக்கு நெருக்கமானது இது.

படுக்கைக் கணக்கு

எல்.எச்.பி. பெட்டி ஐ.சி.எஃப். பெட்டியைவிடச் சுமார் இரண்டு மீட்டர் நீளம். இந்தக் கூடுதல் இடம் எதற்குப் பயன்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. தூங்கும் வசதிப் பெட்டியில் 72 படுக்கைகள் 80 ஆயின. மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியில் 64 படுக்கைகள் 72 ஆயின. 2021இல் வந்த சிக்கன வகைப் பெட்டி 83 படுக்கைகளுடன் அறிமுகமானது. அதாவது கிடைத்த நீளம் முழுவதும் எண்ணிக்கைக்கே போயிற்று. கூடுதல் இடத்தில் ஒரு பகுதியாவது வாசலுக்கும் நடைக்கும் ஒதுக்கப்படவில்லை.

காத்திருப்போர் பட்டியல் நீளமாக உள்ள நாட்டில் படுக்கையைக் கூட்டுவது நியாயமே என்ற வாதம் வலுவானது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. 2000களின் பிற்பகுதியில் பக்கவாட்டுப் படுக்கைகள் இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு படுக்கை சேர்க்கப்பட்டது. அதில் படுத்தவர் புரளவும், கீழே இருந்தவர் நிமிர்ந்து உட்காரவும் இயலவில்லை. எதிர்ப்பு எழுந்தபின் அது கைவிடப்பட்டது. உட்கார இயலாத இருக்கையை இருக்கை என்று எண்ணுவது கணக்கில் மட்டுமே சரியாக வரும்.

வாசல்

இந்தியாவின் உயர்மட்ட நடைமேடை தண்டவாளத்திலிருந்து 76 முதல் 84 செ.மீ. உயரம் கொண்டது. பெட்டியின் தரையோ அதற்கு மேல் ஏறத்தாழ அரை மீட்டர் உயரத்தில் உள்ளது. இடையில் இரும்புப் படிகள், இருபுறமும் கைப்பிடிகள், உள்ளே திறக்கும் குறுகிய கதவு, அதை ஒட்டியே கழிவறை. ஐ.சி.எஃப். பெட்டியில் இருந்த இந்த அமைப்பு எல்.எச்.பி. பெட்டியிலும் பெருமளவு அப்படியே தொடர்கிறது.

ஸ்ரீரங்கத்தில் விரைவு ரயில்கள் நிற்பது ஓரிரு நிமிடம். வைகுண்ட ஏகாதசி நாட்களில் ஏறுவோரும் இறங்குவோரும் ஒரே வாசலில் முட்டிக்கொள்வர். முழங்கால் வலியுள்ள முதியவர் முதலில் பையை உள்ளே தள்ளி, பிறகு இரு கைகளாலும் பிடித்துத் தன்னை மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். முன்பதிவில் முதியோருக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கும் விதி உண்டு. வயதானவரால் மேலே ஏற முடியாது என்பதை இந்த விதி ஏற்கிறது. ஆனால் அந்தக் கீழ்ப் படுக்கைக்குச் செல்லும் வழியில் உள்ள ஏற்றத்தை அது காண்பதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான இடமும் பெரும்பாலும் வண்டியின் முனையில், மேற்கூரை எட்டாத இடத்தில் அமைந்துவிடுகிறது.

பிரித்தானிய ரயிலின் முடிவு இங்குப் பொருந்தும் பாடம். மார்க் 3 பெட்டியின் கதவை உள்ளிருந்து திறக்க, சன்னல் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டிக் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். ஓடும்போது திறவாதிருக்க மையப் பூட்டு 1990களில்தான் பொருத்தப்பட்டது. 2020 தொடக்கத்திலிருந்து அணுகல் விதிகள் கடுமையானபோது, நாற்பது ஆண்டுகள் நன்றாக ஓடிய அந்த ரயில்களில் பெரும்பாலானவை முதன்மைச் சேவையிலிருந்து விலகின. இன்ஜினின் வலுவோ கூட்டின் உறுதியோ அங்குச் சிக்கலாகவில்லை, வாசல்தான் ஆயிற்று. அதே வேளையில் ஸ்காட்லாந்திலும் மேற்கு இங்கிலாந்திலும் சில தொகுப்புகளுக்குத் தானியங்கி நகரும் கதவுகள் பொருத்தப்பட்டன. அவை மேலும் சில ஆண்டுகள் ஓடின. கூட்டை மாற்றாமலே வாசலை மாற்றலாம் என்பதற்கு இது சான்று.

மதிப்பீடு

இந்தியாவில் இதற்கான மாதிரி ஏற்கெனவே உள்ளது. பெரம்பூரில் உருவான வந்தே பாரத் ரயிலில் தானியங்கிக் கதவும், நிலையத்தில் வெளியே நீளும் படியும் உண்டு. 2023 செப்டம்பரில் தொடங்கிய திருநெல்வேலி - சென்னை வந்தே பாரத் திருச்சிச் சந்திப்பில் நின்றது. ஸ்ரீரங்கம் அதன் நிறுத்தப் பட்டியலில் இல்லை. நல்ல வாசல் அதிகக் கட்டணத்தோடு சேர்ந்து வருகிறது. மார்க் 3 பெட்டியின் சன்னல் கணக்கு இங்கு வாசலில் திரும்புகிறது.

குளிர்சாதனம் இல்லாத, கூட்டம் நிறைந்த பெட்டிக்குத் தானியங்கிக் கதவு உடனே பொருந்தாது என்பது உண்மை. அங்குக் கதவு காற்று வரும் வழியும்கூட. ஆனால் நீளும் படி, அகலமான நுழைவு, சரியான இடத்தில் கைப்பிடி ஆகியவற்றுக்குக் குளிர்சாதனம் தேவையில்லை. பெட்டிகள் பிரித்துச் சீரமைக்கப்படும் ஒவ்வொரு முறையும் இவற்றைச் செய்ய வாய்ப்பு வருகிறது. நீராவி இன்ஜினையே புதிதாகச் செய்த பொன்மலையின் கைத்திறனுக்கு ஒரு படி பெரிய வேலையன்று.

ஒரு ரயில் பெட்டியின் தரத்தை வேகம், எடை, படுக்கை எண்ணிக்கை ஆகியவற்றால் அளப்பது வழக்கம். அந்த அளவுகோல்களில் எல்.எச்.பி. பெட்டி தெளிவான முன்னேற்றம். பிறர் கை கொடுக்காமல் ஒரு முதியவர் ஸ்ரீரங்கத்தில் ஏறி இறங்க முடிகிறதா என்ற அளவுகோலையும் சேர்த்தால், அந்த முன்னேற்றம் இன்னும் பாதி வழியிலேயே நிற்கிறது.